லொறிக்கு முன்னால் ஓடிய இரண்டு மாதங்கள்

ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமை மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை சைக்கிள் ஓட்டப்போட்டி நடக்கும். போட்டியாளர்களுக்குப் பின்னால் ஒரு லொறி வரும். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன்னர் பாதையை வாகனங்களுக்குத் திறந்துவிட வேண்டும். அதற்குள் போய்ச் சேரமாட்டார் என்று தெரிகிறவர்களைச் சைக்கிளோடு அந்த லொறி ஏற்றிக்கொள்ளும். நான் கலந்துகொண்ட எல்லா வருடங்களிலும் அக்கரைப்பற்றைத் தாண்டுவதற்குள் என்னை ஏற்றியிருக்கிறது. அடுத்த வருடத்திலிருந்து நாற்பது கடந்தவர்களுக்கு இடமில்லை என்று ஏற்பாட்டாளர்கள் அறிவித்தபோது, எனக்கு இது கடைசி வருடம் என்பது தெளிவாயிற்று. வெல்வதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. ஒருமுறையாவது பொத்துவிலுக்குச் சைக்கிளில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை எனக்குத் தெரிந்த பயிற்சி, மனைவியின் தம்பியோடு சைக்கிள் ஓடுவது. அவன் எந்நாளும் முழு வேகத்தில் ஓடுவான். நானும் விடமாட்டேன். இருவரும் இளைத்து வீடு வந்து, மறுநாளும் அதையே செய்வோம். இப்படிப் பல வருடம் ஓடியும் ஏன் முன்னேறவில்லை என்பதை, சைக்கிள் பயிற்சி பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடி வாசித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடி, வேகமாக ஓட வேண்டிய நாளில் களைத்துக் கிடந்திருக்கிறோம்.

நோன்புப் பெருநாள் கழிந்த கிழமையில் புதிய முறையைத் தொடங்கினேன். விடிகாலையில் சுபஹ் தொழுகை முடிந்ததும் நற்பிட்டிமுனை வயல்களை ஒட்டிய வாய்க்கால் பாதையில், மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேசக்கூடிய வேகத்தில் ஓடுவேன். கிழமையில் ஒருநாள் மட்டும் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரை உயிரைக் கொடுத்து மிதித்து, அதற்கடுத்த மதகு வரை இளைப்பாறி, திரும்பவும் மிதிப்பேன். ஒருநாள் முழு ஓய்வு. சில கிழமைகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாதியாகக் குறைப்பேன்.

மச்சினன் ஒருநாள் பின்னால் வந்து என்னைத் தாண்டினான்.

"என்ன மச்சான், இது ஜனாஸா ஊர்வலமா?"

"இதுதான் பயிற்சி."

"ஜனாஸாவக்கூட இதவிடக் கெதியாத் தூக்கிட்டுப் போவாங்களே."

சிரித்துக்கொண்டே மறைந்தான். ஆனால் ஹஜ் மாதப் பிறை தென்பட்ட நாட்களில், அதே மெதுவான மூச்சில் என் சைக்கிள் முன்பைவிட விரைவாகப் போனது. காலையில் படுக்கையில் நாடி பிடித்துப் பார்த்தால் துடிப்பு நிதானமாக இருந்தது. நீண்ட ஓட்டங்களின் கடைசிப் பகுதியிலும் கால்களில் பலம் மிஞ்சியது. முறை பலித்துவிட்டது.

அழைப்பிதழில் காலை ஆறு மணி என்று இருந்தது. அதற்கேற்ப சுபஹ் தொழுதுவிட்டு இடியப்பமும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். கொடியசைத்துத் தொடக்கிவைக்க வேண்டிய பிரதம அதிதி வரவில்லை. முந்திய வருடங்களில் ஒருமுறைகூட இந்தப் போட்டி குறித்த நேரத்தில் தொடங்கியதில்லை. எந்த வருடம் எவ்வளவு சுணங்கியது என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வேன். அப்படியிருந்தும், என் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடம் வைத்த நான் பிரதம அதிதிக்கு இடம் வைக்கவில்லை.

மச்சினன் தெருவோரக் கடையில் குந்தியிருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். "வாங்க மச்சான், ஒண்டு தின்னுங்க. அவரு இப்பைக்கு வரமாட்டாரு."

"தின்ற நேரம் முடிஞ்சி. இப்ப தின்டா ஓட ஏலாது."

"அப்ப நோன்புக்கு நிய்யத்து வெச்சிட்டீங்க."

அதிதி வந்து, பேசி, கொடியசைத்தபோது வெயில் ஏறிக் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் எழும்பிவிட்டது. இருந்தாலும் நிந்தவூரிலும் ஒலுவிலிலும் பெரிய கூட்டத்தோடுதான் நான் ஓடினேன். வேகமாகப் புறப்பட்ட மச்சினன் அக்கரைப்பற்றுக்கு முன்பே பின்தங்கினான். அக்கரைப்பற்றை முதன்முறையாகத் தாண்டினேன். தம்பிலுவிலும் போனது. அதற்கப்பால் திறந்த வெளியில் கச்சான் நேர்முகமாக அடித்தது. வயிற்றில் ஒன்றுமில்லை. விளக்கில் எண்ணெய் தீர்வதுபோல் கால்கள் ஓய்ந்தன. நிறுத்தாமல் மிதித்தேன்.

கோமாரிக்கு முன்னால் லொறி பக்கத்தில் வந்தது.

"ஏறுங்க சேர், பாங்கு சொல்லப்போறாங்க."

"இன்னும் கொஞ்சம்தானே."

"கொஞ்சம்தான். பாதயத் திறக்கச் சொல்லியாச்சி."

ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் அதற்கு வெகுநேரம் முன்பே பொத்துவிலில் இருந்திருப்பேன். தொடக்கம் பிந்தியது, முடிவு பிந்தவில்லை. இதை யாரிடம் சொல்வது?

ஏற்கெனவே லொறியில் இருந்த மச்சினன் என் சைக்கிளைத் தூக்கி எடுத்தான். "ரெண்டு மாசம் ஆம மாதிரி ஓடினீங்க. கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே லொறி." குத்திக்காட்டவில்லை, வருத்தமாகவே சொன்னான். அவன் சொன்னதில் பிழையும் இல்லை. பொத்துவிலை லொறியில் சேர்ந்தபோது முடிவுக் கோட்டின் பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தின் மாடிப்படிகளில் மூச்சு வாங்காமல் ஏறினேன். பயிற்சியை விட்டால் சில கிழமைகளிலேயே உடம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று வாசித்திருக்கிறேன். இன்னும் திரும்பவில்லை. அதைத் தடுக்க நான் திரும்பச் சைக்கிளை எடுக்கவுமில்லை.