முப்பத்தொன்னாம் பக்கத்துல எங்க வூட்டுக்காரரு பேரு

எங்க வூட்டுக்காரரு மோசசு, கல்பாக்கம் பக்கம் ஒரு ஆபீசுல பியூன். தொண்ணூத்தெட்டுல மாமல்லபுரம் ஓட்டல்ல வெளிநாட்டு ஆளுங்களும் நம்ம ஆபீசருங்களும் மூணு நாளு கூடி உக்காந்தாங்க. வானத்துல கீற சாட்டிலைட்டெல்லாம் ஒரே நேரத்துல ஊமையாப் போச்சின்னா இன்னா பண்றதுன்னு பேச்சு. போன் கெடையாது, டிவி கெடையாது, புயலே வந்தாலும் சேதி வராது. அப்போ கரையில கீற ஜனத்த மேட்டுக்கு வரச் சொல்றது யாருன்னு கேட்டாங்களாம். டீ குடுத்துகினு இருந்த நம்மாளு, "நான் சைக்கிள்ல போய் சொல்றேன் சார்"ன்னுட்டாரு. சிரிச்சாங்க, அப்புறம் எழுதிக்கினாங்க. அந்தக் கூட்டத்து ரிப்போர்ட்டுல முப்பத்தொன்னாம் பக்கத்துல, இங்கிலீசுல, அவரு பேரு.

அப்பப்பா, அன்னைலர்ந்து மனுசனுக்குக் கால் தரையில பாவல. சாயங்காலமானா மணல்ல மல்லாந்துடுவாரு. வானத்துல மெதுவா ஊர்ந்து போற வெளிச்சத்தக் காட்டி, "பாரு ஞானம், அது நம்முளுது"ம்பாரு. ஒரு நாளு அதெல்லாம் பேசறத நிறுத்திடுமாம். ஊரே கம்முனு ஆயிடுமாம். விடியக்காத்தால வெளுப்புல இவரு மட்டும் கரையோரமா மிதிச்சிகினு போவாராம். குப்பத்து ஜனம் பாயச் சுருட்டிகினு பின்னாலயே வருமாம். மொத ஆளா அவரு தங்கச்சி சாராள் வருவாளாம். அவ குப்பத்துலதான் கருவாடு காயவச்சிப் பொழைச்சா. "இன்னாய்யா, சினிமா காட்டறியா?"ன்னு வைவேன். வைதுகினே பக்கத்துல படுத்துக் கேப்பேன். எனக்கும் அது புடிச்சித்தான் இருந்திச்சி.

ரெண்டாயிரத்து நாலு, கிறிஸ்மசுக்கு மறுநாளு காலையில தரை ஆடிச்சி. அலமாரியில பாத்திரமெல்லாம் கடகடன்னு தட்டிச்சி. அவரு சட்டகூட மாட்டாம சைக்கிள எடுத்துட்டாரு.

நான்தான் மறிச்சேன். "டிவியப் பாருய்யா, படம் பளிச்சினு கீது. போன்லயும் சத்தம் வருது. சாட்டிலைட்டுக்கு ஒண்ணும் ஆவல. சும்மா போய் நின்னா குப்பமே கைகொட்டிச் சிரிக்கும்."

அவரும் நின்னு யோசிச்சாரு. சாட்டிலைட்டு நின்னாத்தான் போவணும்னு அந்த முப்பத்தொன்னாம் பக்கத்துல எழுதிக் கீதாம். ஸ்டாண்டு போட்டுட்டு வந்து உக்காந்தாரு. நாஸ்தா வச்சேன், துன்னாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சிக் குப்பத்துக்குள்ள கடல் வந்திச்சி.

சாராள் ஒடம்பு மறுநாள்தான் கெடச்சிச்சி. அவரு என்னிய ஒரு வார்த்த கேக்கல, இன்ன வரைக்கும் கேக்கல. கேட்டா கால்ல வுழுந்து அழுதுருவேன். எங்க வூட்லர்ந்து குப்பத்துக்கு சைக்கிள்ல கால் மணி நேரந்தான்.