முட்டைக்குள் வளைந்த கால்

"இறங்குங்கடி மகாராணிகளா, வெயிலைத் தின்னுங்க!" என்று கூண்டைத் தட்டுகிறார் சின்னக்கருப்பன். முரண்டு பிடிக்கிற கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் வெட்டவெளியில் விடுகிறார். நடக்கையில் அவருடைய கால்கள் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வில்லாய் வளைந்திருக்க, உடம்பு வள்ளம்போல் ஆடுகிறது.

கமுதிக்குப் பக்கம், மிளகாய்க் காடுகளுக்கு நடுவே இருக்கிற அவரது ஊரில் அவருக்குப் பெயர் 'கவட்டக்காலு'. நாற்பத்தைந்து வயதாகியும் அது மாறவில்லை. டீக்கடையில் எவனாவது, "ஏலே, உன் காலுக்கு ஊடால நாய் போகுதுலே" என்பான். "நீயும் போலே, நானா மறிச்சேன்?" என்பார் இவர்.

சிரிப்பு அவருக்கு, அழுகை அவருடைய ஆத்தா முருகம்மாளுக்கு. இவரை வயிற்றில் சுமந்தபோது அய்யனார் கோயில் காட்டில் அடுப்பெரிக்கச் சுள்ளி ஒடித்தாளாம். அதனால்தான் பிள்ளையின் கால் வளைந்ததாம். ஊர் சொன்னது, அவள் நம்பினாள். ஆண்டுதோறும் திருவிழாவில் மண்ணால் செய்த கால்களைக் காணிக்கை வைத்து மன்னிப்புக் கேட்டாள். காய்ந்த சுள்ளிக்காகப் பிள்ளையின் எலும்பை முறுக்குவது என்ன நியாயம் என்று கேட்க அந்த ஊரில் ஒரு நாக்கு இல்லை.

போன வருடம் நாய்களுக்குப் பயந்து, தார்ப்பாய் மூடிய கொட்டகைக்குள் கோழிகளை அடைத்துப்போட்டார் சின்னக்கருப்பன். தீனி வெறும் தவிடும் நொய்யும். பொரிந்து வந்த குஞ்சுகள் நிற்க முடியாமல் கால் மடங்கி விழுந்தன. சாமி குத்தம் மறுபடியும் வந்துவிட்டதென்று நடுங்கிய முருகம்மாள், குயவரிடம் ஓடி மண்ணில் கோழிக்கால் செய்யச் சொன்னாள்.

"கோழிக்காலுக்கு எதுக்கு ஆத்தா மண்ணு? மசாலா போதுமே" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஜெயப்பிரியா வந்து பார்த்தார். "குஞ்சு மேல குத்தமில்லண்ணே. தாய்க்கோழிக்கு வெயிலும் இல்ல, தீனியில வைட்டமின் டியும் இல்ல. தாய்கிட்ட இருந்தாத்தான் முட்டைக்கு வரும். முட்டையில இருந்தாத்தான் குஞ்சுக்கு எலும்பு உறுதிப்படும்."

சின்னக்கருப்பன் குனிந்து தம் காலைப் பார்த்தார். "மனுசருக்கும் இப்படித்தானா டாக்டரம்மா?"

"நான் ஆடுமாடு பாக்குறவ, அண்ணே. உங்க காலு எதனாலன்னு இப்பச் சொல்ல ஏலாது. ஆனா தாய்க்குச் சத்து இல்லாட்டி பிள்ளைக்கும் எலும்பு மெலியும். அது சாமி குத்தமில்ல."

ஆத்தாளின் தலையிலிருந்து பழியை இறக்கிவிடலாம் என்று ஆடி ஆடி வீட்டுக்கு ஓடினார். மூச்சு வாங்க, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். முருகம்மாள் அவருடைய வளைந்த காலைத் தடவினாள்.

"அப்ப சாமி செய்யல. நாந்தான் சரியாத் திங்காம உன் காலை வளைச்சுப்புட்டேனா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "திங்காம இருந்தியா ஆத்தா, திங்கக் கெடைக்காம இருந்தியா?"

"மாசமா இருக்கவளுக்கு அரைக்கூலிதான்னு முதலாளி வீட்டுல சொல்லிப்புட்டாக. பழைய சோத்து நீச்சத்தண்ணிதான் குடிச்சேன்."

அதைச் சொல்லும்போதுகூட அவள் குரலில் கோபம் இல்லை. அரைக்கூலி கொடுத்தவரிடம் எந்தச் சாமியும் மண்கால் கேட்டதில்லை.

இப்போது கோழிகளுக்கு வெயில் உண்டு, தீனியில் வைட்டமின் கலந்த சத்துமாவு உண்டு. அடுத்துப் பொரிந்து வந்த குஞ்சுகள் கால் ஊன்றி ஓடுகின்றன. முருகம்மாள் அவற்றைப் பார்ப்பதில்லை. குயவர் வீட்டுக்கும் போவதில்லை.

கடலோர மாரியூரிலிருந்து மீன் வரும் நாளில் குழம்பின் நடுத்துண்டத்தை ஆத்தாளின் தட்டில் வைக்கிறார் சின்னக்கருப்பன். "தின்னு ஆத்தா."

"தின்னுறேன்யா."

அவர் தண்ணீர் மொள்ளத் திரும்புகிறார். அவள் அந்தத் துண்டத்தை எடுத்து மகனின் சோற்றுக்கு அடியில் புதைத்து, மேலே சோற்றைத் தள்ளி மூடுகிறாள். அவர் வந்து, வளைந்த கால்களை ஒருபக்கமாய் மடக்கி உட்கார்ந்து, சோற்றைக் கிளறுகிறார். விரலில் முள் தட்டுகிறது. ஆத்தாளை நிமிர்ந்து பார்க்காமல், முள்ளை எடுத்துவிட்டு மெல்ல மென்று தின்கிறார்.