எனக்குப் பிடிக்காதவன் சொல்லித்தந்த மூச்சு

அவனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. ரங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறையை ஒட்டிய கிடங்கு ஆபீசில் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அறுபதுகளின் நடுவில் அந்தக் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கடிதங்களை இனிப் பர்மியில்தான் எழுதவேண்டும் என்றார்கள். மிஷன் பள்ளியில் படித்த எனக்கு இங்கிலீஷ்தான் கைவந்தது. அவன் ரங்கூனில் பிறந்த சீனன். பர்மி எழுத்து அவனுக்கு முத்துமுத்தாக வரும். என் கடிதங்களைத் திருத்தும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். தாள் கிழியும்படி சிவப்புப் பென்சிலால் கோடு போடுவான். "இந்த ஊர்லயே பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி பர்மியில் கேட்பான்.

மத்தியானம் சாப்பிட்டதும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய், பெரிய பானை ஒன்றைக் கட்டிப்பிடித்தவன்போலக் கைகளை வளைத்துக்கொண்டு அசையாமல் நிற்பான். சீகொங் என்ற மூச்சுப் பயிற்சியாம். ஒருநாள் அதிகாரிக்கு என் பெயர் போடாமல் பர்மியில் ஒரு கடிதம் எழுதினேன்: ஆபீசில் ஒருவன் மந்திர வேலை செய்கிறான் என்று. அதிகாரி அவனைக் கூப்பிட்டுத் திட்டி, கிடங்குக்குள் இனி நிற்கக்கூடாது என்றுவிட்டார்.

திரும்பி வந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு வரிக்கு மூணு பிழை. இந்த ஆபீஸ்ல அப்படி எழுத உன்னால மட்டும்தான் முடியும்."

அன்றிலிருந்து அவன் படகுத்துறைக்குப் போய் வெயிலில் நின்றான்.

சில வாரங்கள் கழித்து ஆபீஸ் படிக்கட்டில் தலைசுற்றி விழுந்தேன். இரத்தக்கொதிப்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மூன்று வாரம் வீட்டில் படுக்கவைத்தார். என் அப்பாவும் ஏறக்குறைய என் வயதில், அதே நோயில்தான் போனார்.

வேலைக்குத் திரும்பிய அன்றே அவன் ஆரம்பித்தான். "மூணு வாரமா உன் வேலையும் என் தலையிலதான். இன்னொரு தடவ விழுந்தா என்னால முடியாது. மத்தியானம் துறைக்கு வா."

பயம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. தோள் அகலத்துக்குக் காலை விரித்து, முழங்காலைத் தளர்த்தி, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டச் சொன்னான். மூச்சைத் தொப்புளுக்குக் கீழே இறக்கவேண்டும். இழுத்துப் பிடிக்கக்கூடாது, தானாக வந்து தானாகப் போகட்டும். நினைப்பும் அங்கேயே கிடக்கவேண்டும்.

"தோளை எறக்கு. யாரை அடிக்கப் போற?"

"உன்னைத்தான்."

"அடி. முதல்ல மூச்சை விட்டுட்டு அடி."

விஷயம் என் மனைவிக்குத் தெரிந்தபோது ஞாயிறு ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். "என்னங்க இது, சீனன் சாமியைக் கும்பிடுறீங்களா?" என்று சத்தம் போட்டாள். அதைப் போய் அவனிடம் சொன்னேன். "சாமி எதுக்கு? உன் பொண்டாட்டி மூச்சு விடுறதில்லையா?" என்றான். அதற்காக ஒரு வாரம் அவனோடு பேசாமலே பக்கத்தில் நின்றேன்.

முதலில் தொடை நடுங்கியது, எரிச்சல் வந்தது. ஒரு மாதம் போனபின் உள்ளங்கை சூடாவது தெரிந்தது. தூக்கம் வந்தது. படியேறினால் கண் இருட்டுவது நின்றது. கொதிப்பு இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், பயிற்சியைப் பற்றிச் சொன்னதும், "நல்லதுதான், செய்யுங்க. ஆனா மாத்திரையை நிறுத்தக்கூடாது" என்றார். எது குணமாக்கியது என்று எனக்குத் தெரியாது. கொதிப்பு இறங்கியதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகத்தில் வரும் சிரிப்பைத் தாங்கமுடியாது.

மறு வருஷம் அவனை ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். கடைசி நாளும் துறையில் நின்றோம்.

"முழங்காலை இன்னும் வெறைப்பாத்தான் வெச்சிருக்க."

"உன் சோலியைப் பாரு."

அவன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். மேசை முழுதும் எனக்கே என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வந்ததில்லை. நிற்பதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.