ரெண்டு வார்டு பைப்பும் ஒரே குழாயும்!

இன்னிக்கு எங்க வார்டு கூட்டத்துல ஒரு ஆபீசர் தம்பி எழுந்து, "புது தண்ணி லைனுக்கு நிதி இல்லம்மா"ன்னார்.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு!

எண்பதுகள்லயே கேட்ட டயலாக் இது. (திருவண்ணாமலை பக்கம்தான். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்!)

அதுக்கு முன்னாடி பல வருஷம் எங்க ஊர்ல கவுன்சிலர் எலக்‌ஷனே இல்ல. தனி அலுவலர் ராஜ்ஜியம். தண்ணித் திட்டத்துக்குன்னு கடன் வாங்கினாங்க. டேங்க் வந்துச்சு, தெருவுக்குத் தண்ணி வரல.

அப்புறம் எலக்‌ஷன். நாலு கட்சி ஜெயிச்சுது, யாருக்கும் மெஜாரிட்டி இல்ல! வர்ற வரியில முக்கால்வாசி பழைய கடனுக்கே போயிடும். மிச்சம் ரொம்ப கம்மி. அதுல பட்ஜெட் பாஸ் ஆகணும்னா எல்லாருக்கும் பங்கு குடுத்தாகணும்.

என்ன பண்ணாங்க தெரியுமா? வாங்கின பைப்பை எல்லா வார்டுக்கும் சமமா பிரிச்சுட்டாங்க!! (பந்தியில லட்டு வெக்கிற மாதிரி.)

டேங்க் பக்கத்து வார்டுல. அவங்க பைப் பாதித் தெருவுலயே தீந்துடுச்சு. எங்க பைப்பை எங்க தெரு நடுவுல புதைச்சாங்க. எதோடயும் சேரல!

எனக்கு இடுப்புல கைக்குழந்தை, தலையில குடம், தினம் தூரத்துக் கிணத்துக்கு நாலு நடை.

எங்க கவுன்சிலர்கிட்ட போனேன்.

"அண்ணே, நம்ம பைப்பைத் தோண்டி அவங்க பைப்போட சேத்துடுங்க, தண்ணி வந்துடும்."

"அந்தக் கட்சிக்காரன் வார்டுல நம்ம பைப்பா? போம்மா!"

பக்கத்து வார்டு ராணியக்காவுக்கும் அவங்க கவுன்சிலர் இதே பதில்தான் சொன்னாராம்.

பைப் மாட்டுற பிட்டர் அண்ணனைக் கேட்டேன், பயந்தார். "என் வேலை போயிடும்மா."

"நீங்க கை வெக்க வேணாம்ணா. ரென்ச்சைக் குடுத்துட்டு, எப்படி மாட்டணும்னு மட்டும் சொல்லுங்க!"

பட்டப்பகல்ல ரெண்டு வார்டு பொம்பளைங்களும் சேர்ந்து தோண்டினோம். எங்க பைப்பைத் தூக்கிட்டுப் போய் அவங்க பைப்போட மாட்டினோம். ரெண்டு தெருவும் சேர்ற இடத்துல ஒரே குழாய்.

தண்ணி கொட்டுச்சுங்க! அழுதுட்டேன்.

"கேஸ் போடுவேன்"னார் எங்க கவுன்சிலர். "போடுங்க, குடத்தோட வர்றோம்"னாங்க ராணியக்கா.

போடல. மறுவாரமே ரெண்டு கவுன்சிலரும் ஆளுக்கொரு திறப்புவிழாக் கல்வெட்டோட வந்துட்டாங்க! (பைப்புக்கு இல்லாத நிதி கல்லுக்கு மட்டும் இருந்துச்சு!)

ரெண்டையும் மரியாதையா வாங்கிகிட்டோம். குழாய்க்குக் கீழ கவுத்துப் போட்டோம். குடம் வெக்க கச்சிதமா இருந்துச்சு.

இன்னிக்கு அந்தத் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"நிதி இருக்கட்டும் தம்பி. பைப் எந்த குடோன்ல கிடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்த ரென்ச்சு இன்னும் எங்க வீட்லதான் இருக்கு!"