பென்சில் கோடு அழியும்வரை

எங்கள் அப்பாவுக்குச் சூடு தெரியாது. கொதிக்கிற குழம்புச் சட்டியை வெறுங்கையால் இறக்கி வைப்பார். சர்க்கரை வியாதி அந்த விரல்களை மரத்துப்போக வைத்திருந்ததை யார் எனக்குச் சொன்னார்கள்? எங்கப்பா பெரிய வீரர் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

சாணார்பட்டியில் எங்களுக்கு ஒரு புரோட்டாக் கடை. வெங்காயம் நறுக்குவதை மட்டும் அப்பா யாருக்கும் விட்டுத்தர மாட்டார். தீட்டுகிற கல் நடுவில் குழிந்து கிடந்ததால் கத்தியில் கூர் ஏறாது. "செத்த இருடி, இந்தக் கல்லச் சமமாத் தேச்சுட்டு வாரேன்" என்று அவர் எழும்போதெல்லாம் அம்மா வேறு வேலை ஏவிவிடுவாள். "வெங்காயத்துக்கு இம்புட்டுக் கூரு போதும்." மொண்ணைக் கத்தியென்றால் அந்த விரல்கள் தப்பிக்கும் என்பது அவள் ஏற்பாடு. நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். முன்பு அப்பா கல்லைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கல்லின்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, சிமெண்ட் தரையில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். ஓரத்துக் கோடுகள் சீக்கிரம் போய்விட்டன. நடுவில் இருந்த சனியன்கள் போவேனா என்றன. கைத்தோல் உரிந்து எரிய, உச்சிவெயில்வரை தேய்த்தேன்.

அப்பா கத்தியைத் தீட்டி, கை முடியில் வைத்துப் பார்த்தார். மழித்துக்கொண்டு வந்தது. "ஆத்தாடி, எம்புட்டுக் கூரு! கெட்டிக்காரிடீ எம்மக" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா திரும்பி வந்தபோது அப்பா பாட்டை முணுமுணுத்தபடி நறுக்கிக்கொண்டிருந்தார். வெங்காயம் சிவந்திருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ, கைய எடுங்க!" என்று அலறினாள். எதற்கு என்று கேட்டார் அப்பா.

புண் ஆறவில்லை, கறுத்தது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், அப்புறம் மணிக்கட்டுவரை எடுத்தார்கள். அந்த வியாதியின் பெயரையே அங்கேதான் கேட்டேன். ஆவணி பிறக்குமுன் அப்பா போய்விட்டார்.

இழவு வீட்டில் அப்பாவின் அக்கா மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள்: "கத்திக்கு அம்புட்டுக் கூரு எப்பிடி வந்துச்சு? கல்லத் தேச்சுக் குடுத்து என் தம்பியத் தின்னவ எவ?"

"நாந்தேன் மதினி" என்றாள் அம்மா.

அத்தை அவளை ஓங்கி அறைந்தாள். கூட்டத்தில் ஒருவரும் தடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தோல் உரியத் தேய்த்தது நான், பேரைத் தட்டிக்கொண்டு போவது அம்மாவா? பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என்னை இழுத்து அணைத்து, வாயை அழுத்திப் பொத்தினாள். மூச்சு முட்டியது. அந்தக் கையை ரத்தம் வரக் கடித்தேன். அவள் எடுக்கவே இல்லை.

அம்மாவுக்கும் அந்த வியாதி வந்துவிட்டது என்று நினைத்தேன்.