அழுக்கில்லாத கோட்டு

அக்காவுக்குத் தெருவில் 'கஞ்சி' என்றுதான் பெயர். எங்கள் லாண்டரியில் அவள் கஞ்சி போட்ட சட்டை தானாக நிற்கும். அவளும் அப்படித்தான், யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டாள். வருடக்கணக்காகக் கட்சி மேடைத் துணிகளைத் துவைத்தவளுக்குக் கட்சி ஒருவழியாக மரியாதை செய்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு எங்கள் மாகாணத்துத் தேர்வாளர்களில் ஒருத்தியாக அவளைப் போட்டது. அவளுக்கு மாற்று ஆளாக, வேறு யாரும் கிடைக்காமல், என்னைப் போட்டது.

எங்கள் நாட்டில் ஜனங்கள் போடும் ஓட்டு நேராக ஜனாதிபதிக்குப் போவதில்லை. மாகாணத்தில் எந்தக் கட்சி முந்துகிறதோ, தேர்வாளர்கள் மொத்தமும் அந்தக் கட்சி ஆட்கள். அவர்கள் பிறகு சட்டசபையில் கூடிப் போடுவதுதான் கணக்கு. வெறும் சம்பிரதாயம், டீ குடித்துவிட்டு வரலாம் என்றிருந்தோம். ஆனால் அந்தத் தடவை எங்கள் மாகாணத்தில் எங்கள் கட்சி முந்தினாலும், நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் எதிர்க்கட்சிக்காரர். தேர்வாளர்களிலோ எங்கள் பக்கம் ஒரே ஒரு ஆள் கூடுதல். ஒருவர் மாறினால் எல்லாம் கவிழும்.

முடிவு வந்த வாரமே ஒரு பெரிய மனிதர் கோட்டு கொண்டுவந்தார். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அழுக்கே இல்லையே சார்?"

"பரவாயில்ல, துவைங்க. ஏம்மா, நாட்டுல பாதிப் பேருக்கு மேல எங்காளுக்குத்தானே போட்டாங்க? நீங்களும் மனசாட்சிப்படி போடலாமே."

"இந்த மாகாணத்து ஜனங்க கொடுத்தத நான் கொண்டுபோய்ச் சேக்கணும். ஒருத்தர் துணிய இன்னொருத்தர்கிட்டக் கொடுத்தா நான் கடை நடத்தின மாதிரிதான்."

அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு துளியும் பிடிக்கவில்லை.

கோட்டை வாங்க வந்தபோது ஒரு நீல ஸ்வெட்டரை மேஜையில் வைத்தார். அக்கா மகளுடையது.

"காலைல ஸ்கூல் பஸ்ல கெடந்துச்சு. உங்க பொண்ணு எப்பவும் டிரைவர் பின்னாடிதான் உக்காருவா போல?"

அக்காவுக்கு முகம் வெளுத்தது. அவர் போனதும், போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"போயி? ஸ்வெட்டர பத்திரமா கொண்டாந்து கொடுத்தார்னு சொல்றதா? சும்மா இருடி."

கூட்டத்துக்கு இருவரும் போனோம். மேலே பார்வையாளர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார், நான் இஸ்திரி போட்ட அதே கோட்டில். அக்கா சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதைப் பிரித்த கூட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர் பெயர்.

"மாகாணச் சட்டப்படி இந்த ஓட்டு செல்லாது. இவங்க பதவியும் போச்சு. மாற்று ஆள் வரலாம்."

டீ குடிக்கும் நினைப்பில் வந்த நாங்கள் யாரும் சட்டத்தைப் படித்திருக்கவில்லை. எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்தாள்.

"நீயும் அதையே எழுதுடி."

எழுதினால் என்ன ஆகும்? என்னையும் தூக்கிவிட்டு மூன்றாவது ஆளைக் கூப்பிடுவார்கள். முடிவு மாறாது. ஆனால் மேலே இருப்பவருக்கு அது புரியுமா? புரிந்தாலும் விடுவாரா? என் கை எங்கள் கட்சிக்காரர் பெயரைத்தான் எழுதியது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைவர் வாசித்ததும் எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். அக்கா மேலே பார்த்தாள். அந்த இருக்கை காலி.

"பொண்ணுக்கு ஸ்கூல் எப்போடி விடும்?" என்று என்னைக் கேட்டாள், தினமும் போய்க் கூட்டிவருகிறவள்.