மேடைக்கு முதுகு காட்டிய கூட்டம்

போன வருடம் தை மாதம், நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மண்டபத்தில் எங்கள் நாடக இயக்குநருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மனிதர் எங்களை ஒருநாளும் மேடையில் ஏற்றியதில்லை. குடியிருப்பு பிளாக்குகளுக்கு நடுவே காலி இடத்தில் ஜனங்களை வட்டமாக உட்கார வைப்பார். நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும் பெர்மனென்ட் ஆளும் காண்ட்ராக்ட் ஆளும் ஒரே தரையில். நடிகர்களான நாங்களும் அவர்களோடு உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் இருப்பவர் திடீரென்று எழுந்து பேசும்போதுதான் அவர் நடிகர் என்றே தெரியும்.

அவர் நாடகங்களில் முக்கிய வேஷமெல்லாம் ஒரு அக்காவுக்குத்தான். வடலூர் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி. இயக்குநர் படுத்த படுக்கையாக இருந்தபோது அந்த அக்காவிடம் சத்தியமே வாங்கினார். "எனக்குக் கூட்டம் போட்டா, சுரங்கத்துக்கு நெலத்த குடுத்த தாயோட வசனத்த நீதான் பேசணும். அழுதுகினு நிக்கக் கூடாது."

கூட்டத்தில் நடந்ததோ வேறு. ஆளுயர மேடை, மாலை போட்ட படம், ஒருவருக்கொருவர் பொன்னாடை. அவர் நாடகம் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்கள் "கலையுலகச் சிங்கம்" என்று முழங்கினார்கள். வேலையிலிருந்து நேராக வந்த அக்காவைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். ஏற்பாடு செய்தவரிடம் போய், அக்கா பேச வேண்டும் என்றேன்.

"டைம் இல்லீங்க. அதுவுமில்லாம காண்ட்ராக்ட் ஆளையெல்லாம் மேடை ஏத்தினா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்யா, இது அவருக்குக் கூட்டமா, நீங்க பொன்னாடை போட்டுக்கக் கூட்டமா?" என்று கத்திவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வுடும்மா. மேடைய கேட்டுக்கினு நின்னா அவரே நம்மள திட்டுவாரு."

விறுவிறுவென்று நடந்து, நாற்காலிகளுக்கு நடுவில் போய் நின்றார். மைக் இல்லாமலே அந்தத் தாயின் வசனத்தைத் தொடங்கினார். "எங்க நெலத்துக்கு அடியில கரி இருக்குதுன்னு கண்டுபிடிச்சீங்களே, மேல நாங்க இருந்தது கண்ணுக்குத் தெரியலியா?"

 நாற்காலிகள் கரகரவென்று அக்கா பக்கம் திரும்பின. மேடையில் இருந்தவர் மைக்கில் "அமைதி, அமைதி" என்றார். ஒருத்தரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. அக்கா கடைசி வரி வரை பேசினார், ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. நான்தான் ஆத்திரத்தில் அழுதேன்.

இன்றும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கதவோரம் யாரை நிற்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அந்தக் கோபம் ஆறாமல் இருப்பதே நான் அவருக்குச் செய்யும் மரியாதை.